தோட்டத்துத் தக்காளியில் வீட்டு சல்சா: ஜாரில் அடைப்பதா, ஃப்ரீசரில் வைப்பதா, அவ்வப்போது செய்வதா?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் தோட்டம் போட்ட தமிழ் வீடுகளில் ஒரே புலம்பல்தான். மே மாதம் ஆசையாக நட்ட தக்காளிச் செடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் பழுத்துத் தள்ளுகின்றன. ரசம் வைத்தாயிற்று, சட்னி அரைத்தாயிற்று, தொக்கு கிளறியாயிற்று, பக்கத்து வீட்டுக்கும் ஆபீசுக்கும் பை பையாகக் கொடுத்தாயிற்று. அப்படியும் சமையலறை மேடையில் ஒரு கூடை மிச்சம். பிள்ளைகளோ சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ள சல்சா கேட்கிறார்கள். அப்போதுதான் அந்த யோசனை வருகிறது: குடும்பமாக உட்கார்ந்து மொத்தமாகச் செய்து, ஜாரில் அடைத்து, வருஷம் பூராவும் வைத்துக்கொண்டால் என்ன?

செய்யலாம். ஆனால் எல்லா வீட்டுக்கும் அது ஒத்துவராது. "கண்ணளவு, கையளவு" என்று சமைப்பதில் பெருமைப்படும் வீடு என்றால் சல்சாவை ஃப்ரீசரில் வையுங்கள். கப்பு வைத்து அளந்து, எழுதியதை எழுதியபடி செய்ய வீட்டில் எல்லோரும் சம்மதித்தால் கேனிங்கில், அதாவது ஜாரில் அடைத்துக் கொதிநீரில் வைத்து மூடி இறுகச் செய்யும் முறையில், இறங்குங்கள். என் தீர்ப்பு இவ்வளவுதான். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கவேண்டும்: உடம்புக்கு ஆபத்தில்லாமல் இருப்பது, நம் ருசிக்கு மாற்றிக்கொள்ளும் சுதந்திரம், வேலையில் பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்துகொள்ள முடிவது, செலவும் இடமும், கடைசியில் அதன் ருசி. இவற்றில் முதலாவது மற்ற நான்கையும்விடக் கனமானது. அதனால் அதை மட்டும் இங்கேயே கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன்.

மண்ணில் சர்வசாதாரணமாக இருக்கும் ஒரு பாக்டீரியா கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். இதன் வித்துகள் கொதிக்கிற தண்ணீரிலும் சாவதில்லை. காற்றில்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடத்தில் அறை வெப்பத்தில் கிடந்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மூடி இறுகிய ஜாருக்குள் காற்றும் இல்லை, ஈரத்துக்கும் குறைவில்லை. எனவே அதைத் தடுத்து நிறுத்துவது புளிப்பு ஒன்றுதான். புளிப்பை அளக்கும் பிஎச் என்ற கணக்கில் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் வித்து முளைக்காது. தக்காளி இந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது; சில ரகங்கள் சற்று மேலேயும் போய்விடும். வெங்காயம், மிளகாய், பூண்டு மூன்றும் புளிப்பே இல்லாத சாதி. ஆக, சல்சா என்பது பாதி புளிப்பும் பாதி புளிப்பில்லாததும் கலந்த கலவை. எவ்வளவு எலுமிச்சைச் சாறு ஊற்றினால் மொத்தமும் கோட்டுக்குக் கீழே வரும் என்பது நாக்குக்குத் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் அளந்துதான் சொல்லமுடியும்.

1977இல் மிச்சிகன் மாநிலம் பான்டியாக் நகரில், ஓர் உணவகத்தில் சாப்பிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நஞ்சு ஏறியது. காரணம், முறையாகக் கேனிங் செய்யப்படாத ஹலபீன்யோ மிளகாய். பார்வை மங்கும், இமை தொங்கும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகளும் தளரும். ஜாரைத் திறந்து முகர்ந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம் என்பதுதான் இதில் கொடுமை.

"நாங்கள் காலங்காலமாக ஊறுகாய் போடவில்லையா?" என்று நம்மவர்கள் கேட்பது நியாயம்தான். ஊறுகாயைக் காப்பது அதில் போடும் ஏராளமான உப்பும், வெயிலில் காயவைப்பதும், பழத்தின் புளிப்பும். சல்சாவில் போடும் உப்பு வெறும் ருசிக்குத்தான். போடாமலே விட்டாலும் கேனிங் கெடாது. இரண்டும் வேறு வேறு கணக்கு. அதேபோல், நல்லெண்ணெய் மிதக்கும் தக்காளித் தொக்கை சல்சா முறையில் ஜாரில் அடைத்து அலமாரியில் வைக்கவே வேண்டாம். எண்ணெய் மூடியின் ரப்பர் ஓரத்தில் படிந்தால் பிடிமானம் கெடும். அந்தக் கலவைக்கென்று சோதித்துச் சொன்ன நேரமும் கிடையாது. தொக்கு ஃப்ரிட்ஜிலோ ஃப்ரீசரிலோ இருக்கட்டும்.

## வழி ஒன்று: கொதிநீரில் கேனிங்

பாதுகாப்பு. சோதிக்கப்பட்ட செய்முறையை அப்படியே பின்பற்றினால் முழுப் பாதுகாப்பு. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய வீட்டு உணவுப் பாதுகாப்பு மையம் கொடுக்கும் ஒரு சல்சா அளவு நம் வீடுகளுக்குப் பொருத்தமானது: தோலும் விதையும் நீக்கி நறுக்கிய தக்காளி 6 கப், நறுக்கிய வெங்காயமும் மிளகாயும் சேர்த்து 9 கப், பாட்டிலில் விற்கும் எலுமிச்சை அல்லது லைம் சாறு ஒன்றரை கப், உப்பு 3 டீஸ்பூன். கொதி வந்தபின் 3 நிமிடம் சிறுதீயில் வைத்து, சூடான பைன்ட் (ஏறக்குறைய அரை லிட்டர்) ஜார்களில் நிரப்பவேண்டும். ஏறக்குறைய 6 ஜார் வரும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த 9 கப். வெங்காயம் எவ்வளவு, குடமிளகாய் எவ்வளவு, காரமிளகாய் எவ்வளவு என்பது நம் இஷ்டம். மொத்தம் 9 கப்பைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் காரமில்லாமல் ஒரு முறை, நமக்கு செரானோ மிளகாய் போட்டு இன்னொரு முறை என்று செய்துகொள்ளலாம்.

சுதந்திரம். அதைத் தாண்டினால் குறைவுதான். சீரகத்தூள், மிளகுத்தூள் போன்ற உலர்ந்த பொடிகளைக் கூட்டலாம், குறைக்கலாம். பூண்டை இரட்டிப்பாக்க முடியாது. கொத்தமல்லித்தழையைக் கைகொள்ளும் மட்டும் அள்ளிப்போட முடியாது. ஜாரைத் திறக்கும்போது தூவிக்கொள்ளவேண்டியதுதான். கெட்டியாக வரட்டும் என்று சோளமாவு கரைத்து ஊற்றுவதும் கூடாது. வினிகர் சொல்லியிருக்கும் செய்முறையில் அதே அளவு எலுமிச்சைச் சாறு ஊற்றலாம். சாறு சொல்லியிருக்கும் இடத்தில் வினிகர் ஊற்றக்கூடாது, ஏனென்றால் வினிகரின் புளிப்பு அதைவிடக் குறைவு.

எங்கள் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது அந்த பாட்டில் சாற்றைப் பற்றித்தான். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பழம் இவ்வளவு வாங்கி வெச்சிருக்கே, பிழிஞ்சா ஆகாதா?" என்றார். "பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும் அத்தை. பாட்டில்ல இருக்கறது எப்பவும் ஒரே அளவு" என்றேன். "அப்ப இது சமையல் இல்ல, மருந்து கலக்கற வேலைன்னு சொல்லு" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதன்பிறகு அளவுக் கப்பை அவரே வாங்கிக்கொண்டார். கத்தியால் வழித்து மட்டம் பார்க்காமல் ஒரு கப்பும் பாத்திரத்தில் விழவில்லை.

கூட்டு வேலை. இந்த ஒன்றில் கேனிங்கை வேறெதுவும் மிஞ்சாது. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திய தக்காளியின் தோல், கிள்ளினால் சட்டைபோலக் கழன்று வரும். அது சின்னவர்களுக்கான வேலை. மிளகாய் நறுக்குபவர் கையுறை போட்டே ஆகவேண்டும். கண்ணைக் கசக்கினால் அன்றைய நாள் போச்சு. ஜாரின் வாய்விளிம்புக்குக் கீழே அரை அங்குலம் விட்டு நிரப்புவது, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழியைக் குச்சியால் தட்டி வெளியேற்றுவது, ஈரத்துணியால் விளிம்பைத் துடைப்பது எல்லாம் நிதானமான கைகளுக்கு. விளிம்பில் ஒரு வெங்காயத் துணுக்கு ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. ஜாரை வெந்நீரில் இறக்குவதும் தூக்குவதும் பெரியவர்கள் மட்டும். ஜாருக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கவேண்டும்; அது தளதளவென்று கொதித்த பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்கவேண்டும்.

எத்தனை நிமிடம் என்பது நீங்கள் இருக்கும் ஊரின் உயரத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன அளவுக்கு 1,000 அடி வரை 15 நிமிடம், 6,000 அடி வரை 20, அதற்கும் மேலே 25. டென்வரில் இருப்பவர் ஹூஸ்டனில் இருக்கும் அக்காவிடம் நேரம் கேட்டுச் செய்தால் 5 நிமிடம் குறைந்துபோகும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது அல்லவா.

எடுத்து வைத்துச் சற்று நேரத்தில் ஒவ்வொரு மூடியாக "டிங்" என்று உள்வாங்கும். பிள்ளைகள் அதை எண்ணுவதற்கென்றே அங்கே சுற்றிக்கொண்டிருப்பார்கள். 12 மணி நேரமாவது அசைக்காமல் விட்டு, பிறகு மூடியின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். மேலெழும்பினால் அது பிடிக்கவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்து முதலில் அதைத் தீர்த்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு. ஜார் ஒரு டஜன் பதினைந்து டாலர் பக்கம் வரும். ஜாரும் திருகு வளையமும் வருடக்கணக்கில் உழைக்கும். தட்டை மூடி மட்டும் ஒரு தடவைக்குத்தான். 2020இல் எல்லோரும் வீட்டில் அடைந்து கேனிங்கில் இறங்கியபோது கடைகளில் மூடிக்கே பஞ்சம் வந்தது. கேனர் என்று தனியாக வாங்கவேண்டியதில்லை, அடியில் தட்டு போட்ட ஆழமான பாத்திரமே போதும். ஆனால் கண்ணாடி மேல்தள அடுப்பு என்றால் அவ்வளவு கனமான பாத்திரத்தைத் தாங்குமா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் போக, ஆகஸ்ட் வெக்கையில் அரைநாள் அடுப்படியில் நிற்கவேண்டும். இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, பெரும்பாலும் நிற்பது ஒரே ஆளாக இருந்தாலும்.

ருசி. வெந்த ருசி, தூக்கலான புளிப்பு. எடுத்துப் பரிமாறும்போது ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்தால் சமனாகிவிடும். குளிர்ந்த, வெளிச்சம் படாத அலமாரியில் ஒரு வருடம் நன்றாக இருக்கும். திறந்தபின் ஃப்ரிட்ஜில்தான்.

## வழி இரண்டு: ஃப்ரீசர்

பாதுகாப்பு. பூஜ்யம் டிகிரி ஃபாரன்ஹீட்டில் எந்தக் கிருமியும் வளராது. பிஎச் பற்றிக் கவலையே இல்லை. அறை வெப்பத்தில் வைத்து உருக்காமல் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தே உருக்கவேண்டும், அதுபோதும்.

சுதந்திரம். எல்லையில்லை. பூண்டை அள்ளிப் போடுங்கள், சோளமணி சேருங்கள், மாங்காய் போடுங்கள், பாட்டியின் கைப்பக்குவத்துக்கே விட்டுவிடுங்கள். எண்ணெயில் வதக்கினாலும் தவறில்லை.

கூட்டு வேலை. நறுக்குவது வரைதான் கூட்டம். அதற்குப்பிறகு டப்பாவில் ஊற்றி, உறையும்போது உப்புவதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடிவிடலாம். ஒரு வசதி உண்டு: தக்காளி மொத்தமாகப் பழுக்கக் காத்திருக்கவேண்டாம். தினம் நாலு பழம் பழுத்தால் கழுவித் துடைத்து முழுசாகவே ஃப்ரீசரில் போட்டுக்கொண்டே வரலாம். பிறகு எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் தானே கழன்றுவிடும். வெந்நீரில் முக்கும் வேலைகூட மிச்சம்.

மறைந்திருக்கும் செலவு. இடம்தான். தமிழ் வீட்டு ஃப்ரீசரில் ஏற்கெனவே துருவிய தேங்காய், முருங்கைக்காய், பரோட்டா, சின்ன வெங்காயம், எப்போதோ வாங்கிய கறிவேப்பிலை எல்லாம் குடியிருக்கின்றன. சல்சாவுக்காகத் தனி ஃப்ரீசர் வாங்கினால் மலிவு என்ற பேச்சே அடிபட்டுப்போகும். மின்சாரம் போனால், திறக்காமல் வைத்திருக்கும் நிறைந்த ஃப்ரீசர் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும். பாதிதான் நிறைந்திருந்தால் 24 மணி நேரம். 2021 பிப்ரவரிப் பனியில் டெக்சாஸில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மறந்திருக்காது.

ருசி. புதுத் தக்காளியின் வாசனை கேனிங்கைவிட நன்றாகத் தங்கும், ஆனால் உருகும்போது தண்ணீர் விட்டுக்கொள்ளும். ரோமா, சான் மார்சானோ மாதிரி சதைப்பற்றுள்ள பழங்களில் செய்து, உறையவைக்கும் முன் சற்றுச் சுண்டவிட்டால் இந்தக் குறை பாதியாகும். பச்சையாக நறுக்கிய சல்சாவை உறையவைத்தால் வெங்காயம் சவசவத்துப்போகும், அதை மட்டும் தவிர்க்கலாம்.

## வழி மூன்று: அவ்வப்போது செய்து ஃப்ரிட்ஜில்

மெக்சிகோ நாட்டு வீடுகளில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். சல்சாவை வருடத்துக்குச் சேர்த்துவைக்கும் பழக்கம் அமெரிக்கத் தோட்டக்காரர்களுடையது. ருசியில் இதற்கு ஈடு கிடையாது. நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் பிழிந்து, கொத்தமல்லி தூவி நாலைந்து நாளில் முடித்துவிடவேண்டும். செலவில்லை, கருவி வேண்டாம், பழத்தையே பிழிந்துகொள்ளலாம், அத்தைக்கும் சந்தோஷம். ஆனால் கூடை காலியாகாது. டிசம்பரில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கும்போது தோட்டத்துத் தக்காளியும் இருக்காது.

## பிரஷர் குக்கர் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை

ஏனென்றால் நம் வீட்டு குக்கர் கேனர் ஆகாது. பிரஷர் கேனிங்கின் நேரக் கணக்கில் பாத்திரம் சூடேறும் நேரமும் ஆறும் நேரமும் சேர்த்தி. அளவில் சிறிய குக்கர் சட்டென்று ஏறிச் சட்டென்று ஆறிவிடுவதால், ஜாரின் நடுவில் போய்ச் சேரவேண்டிய சூடு சேராது. குறைந்தது நான்கு குவார்ட் ஜார் நிற்கும் கேனர் வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண்துறை. "சரி, பெரிய பிரஷர் கேனரே வாங்கிவிடுகிறேன், என் செய்முறையை அதில் வைக்கலாமா?" என்றால், உங்கள் செய்முறைக்கு எத்தனை நிமிடம் என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. ஊகித்து வைக்கும் நேரம் உதவாது.

## ஒரே பார்வையில்

| | கொதிநீர்க் கேனிங் | ஃப்ரீசர் | ஃப்ரிட்ஜ் |
|---|---|---|---|
| பாதுகாப்பு | அளவு பிசகாவிட்டால் மட்டும் | கவலையில்லை | சில நாள்தான் |
| நம் இஷ்டத்துக்கு மாற்ற | கொஞ்சம்தான் | முழுக்க | முழுக்க |
| குடும்பமாகச் செய்ய | எல்லோருக்கும் வேலை உண்டு | நறுக்கும்வரை | இருவர் போதும் |
| செலவு | ஜார், மூடி, அரைநாள் | இடம், மின்சாரம் | இல்லை |
| பரிசாகக் கொடுக்க | மிகப் பொருத்தம் | சிரமம் | விருந்தன்று மட்டும் |

## கேனிங் என்றால் யாரிடம் கற்றுக்கொள்வது?

இங்கேயும் தேர்வு இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா ஆசையோடு தரும் பழைய நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஜாரைப் பிடிக்கும் பக்குவம், விளிம்பைத் துடைக்கும் பக்குவமெல்லாம் அவரிடமே பாருங்கள். அளவை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். தக்காளிக்குக் கூடுதல் புளிப்பு சேர்க்கச் சொல்லும் அறிவுரை 1980களின் இறுதியில்தான் அமெரிக்க வேளாண்துறையின் கையேட்டுக்குள் வந்தது. அதற்கு முந்தைய நோட்டுகளில் அது இருக்காது. வீடியோக்களில் நல்லதும் உண்டு. ஜாரை ஓவனில் வைத்து மூடுவது, தலைகீழாகக் கவிழ்த்து மூடுவது என்று காட்டுபவையும் உண்டு. அப்படி ஒன்றைக் கண்டால் அந்தச் சேனலையே விட்டுவிடுவது நல்லது.

நான் சிபாரிசு செய்வது உங்கள் கவுன்டியின் எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தை. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்தால் பல்கலைக்கழகங்களோடு இணைக்கப்பட்ட, விவசாயமும் வீட்டு வேலையும் ஊர்மக்களுக்குச் சொல்லித்தரும் அமைப்பு இது. பல கவுன்டிகளில் கோடையில் கேனிங் வகுப்பு நடத்துகிறார்கள், தொலைபேசியில் கேட்டாலும் பதில் சொல்கிறார்கள். இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1910இல் தென் கரோலினாவின் ஏய்க்கன் வட்டாரத்தில் மரீ குரோமர் என்ற பள்ளி ஆசிரியை சிறுமிகளுக்காகத் தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஒவ்வொருத்தியும் பத்தில் ஒரு பங்கு ஏக்கரில் பயிரிட்டு, விளைந்ததை டின்னில் அடைத்து விற்றாள். பின்னாளில் ஃபோர்-எச் என்ற சிறுவர் இயக்கமாக வளர்ந்தவற்றில் இதுவும் ஒன்று. பிள்ளைகள் கற்றுவந்து வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை அது. ஆகவே வகுப்புக்குப் போகும்போது பெண்ணையோ பையனையோ கூட்டிப் போங்கள். படித்துக் காட்டி, "அம்மா, அரை அங்குலம்னு போட்டிருக்கு" என்று கண்டிக்க ஓர் ஆள் வேண்டும்.

## உங்கள் வீட்டுக்கு எது?

வீட்டில் நாலு கைகள் சேர்ந்தாற்போல் கிடைக்கும் ஒரு சனிக்கிழமை, ஒரே நாளில் வந்து குவிந்த பழம், டிசம்பரில் நண்பர்களுக்குக் கொடுக்க ஆசை என்றால் கேனிங். முதல் வருடம் ஒரு ஈடு மட்டும் செய்து பாருங்கள். அது பிடித்துப்போனால் மறுவருடம் ஜார் இன்னொரு டஜன் வாங்கலாம்.

கைக்குழந்தை இருக்கும் வீடு, தினம் நாலு பழம் மட்டுமே தரும் செடி, பூண்டு குறைந்தால் சாப்பிடாத கணவர் என்றால் ஃப்ரீசர். இடம் போதவில்லையென்றால் அந்தப் பழைய கறிவேப்பிலையை முதலில் காலி செய்யுங்கள்.

இரண்டே பேர் இருக்கும் அபார்ட்மெண்ட், பால்கனியில் தொட்டிச் செடி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃப்ரிட்ஜ்தான்.

அக்டோபரில் உறைபனி வரப்போகிறது என்று செய்தியில் சொன்னால், அன்று மாலையே காய்களையும் சேர்த்துப் பறித்துவிடுங்கள். பழத்துக்குப் பதிலாகப் பச்சைக்காயையே அதே அளவில் சல்சாவில் போடலாம். புளிப்பு அதில் அதிகம் என்பதால் கேனிங்குக்கும் தோதுதான். பனியில் கருகிய கொடியில் மறுநாள் தொங்கும் பழங்களைக் கேனிங்குக்கு எடுக்கவேண்டாம், அவற்றின் புளிப்பு இறங்கியிருக்கும். நன்றாக இருப்பவற்றைப் பொறுக்கி அன்றைய ரசத்தில் போட்டுவிடுங்கள்.